துணைக்குப் போனவன் தேறிவிட்டான்

நான் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் 'இந்த ஆள் எப்போது முடிப்பான்' என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், இக்கல்லூரியின் முதல்வர் அம்மையார் அவர்களே! விதிமுறைகளை விரல்நுனியிலும், முத்திரையைச் சட்டைப்பையிலும், புன்னகையைப் பூட்டிய அலமாரியிலும் வைத்திருக்கும் சேர்க்கைப் பிரிவு அலுவலர் அவர்களே! பாடம் நடத்தப்போகும் ஆசான்களே! பிள்ளைகளைச் சேர்ப்பதற்குள் பாதி நோயாளிகளாகிப்போன பெரியோர்களே! அந்தப் பெரியோர்களையும் சேர்த்துப் பராமரிக்கும் தாய்மார்களே! புதுச் சீருடையின் மடிப்புக் கலையாமல் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் என் சக மாணவ மணிகளே! மேடை ஓரத்துக் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, நான் பேசிய எந்தச் சபையிலும் கண்டிராத பொறுமையோடு படுத்திருக்கும் பயிற்சிப் பொம்மைப் பெரியவர் அவர்களே! கடைசி வரிசையில் என் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, 'அண்ணன் மானத்தை வாங்கப் போகுது' என்று தலை குனிந்திருக்கும் என் உடன்பிறந்த தங்கையே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கிழட்டு மாணவனின் வணக்கம்.

இந்த ஒலிபெருக்கியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. தப்பித்தவறி யாராவது நம்பினால், அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாற்காலிக்கு நாற்காலி செவிலியர் உட்கார்ந்திருக்கும் மண்டபம் இது, தூரம் போக வேண்டாம்.

'புதிய மாணவர்களில் மூத்தவர் நீங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள்' என்றார் முதல்வர் அம்மையார். பேசிவிடுகிறேன். 'நியாயமா இது?' இரண்டு வார்த்தை முடிந்தது. இனி வருவதெல்லாம் விளக்கவுரை.

என்ன அங்கே முணுமுணுப்பு? 'முதியோர் பராமரிப்புப் படிப்பில் முதியோரையே சேர்த்துவிட்டார்களே' என்கிறீர்களா அம்மா? நல்ல கேள்வி. கேட்க வேண்டியவரைக் கேளுங்கள். அதோ, முன்வரிசையில் மூன்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் 'அடுத்தது?'. தூக்கத்தில் அவரை எழுப்பினாலும் 'அடுத்தது?' என்றுதான் எழுவாராம். ஆகவே அவரை நான் அன்போடு 'அடுத்ததுகாரர்' என்றே அழைக்கப்போகிறேன்.

அவையோரே! எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. அலுவலகம் என்று பெயர் பூண்ட எந்தக் கட்டடத்துக்குள்ளும் நாங்கள் தனியாக நுழைவதில்லை. ஒருவர் போனால் துணைக்கு ஒருவர். துணைக்குப் போகிறவருக்கு உதறல் எடுத்தால் அவருக்கு ஒரு துணை. என் தங்கை பிரசவத்துக்குப் போனபோது துணைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, ஏதோ திருவிழா என்று மருத்துவமனை வாசலில் பலூன்காரர் கடை போட்டுவிட்டார்.

அந்தத் தங்கை ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள். அவள் கணவர், என் மைத்துனர், பக்கவாதத்தில் விழுந்து பல வருடம் படுக்கையில் கிடந்தவர். எழுப்பியது, உட்கார வைத்தது, ஊட்டியது, துடைத்தது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் இவள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை, மாதம் தவறாமல் வரும் வாடகை, கையில் ஒரு தையல் இயந்திரம். இவ்வளவுதான் அவளுக்கு மிச்சம்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான். இந்தப் படிப்பை முடிச்சா இதுக்கே சம்பளம் கொடுப்பாங்களாம். துணைக்கு வரியா?"

வந்தேன். அங்கே பிடித்தது சனி.

கல்லூரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "விண்ணப்பம் போடுறவங்க மட்டும்தான் உள்ள போகலாம் சார்."

"நான் துணைக்கு வந்தவன்ப்பா."

"துணைக்குன்னு தனி வரிசை கிடையாது சார். ஒண்ணு நீங்களும் விண்ணப்பம் போடுங்க, இல்லன்னா வெயில்ல நில்லுங்க."

தங்கை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்வேன்? நானும் ஒரு விண்ணப்பம் வாங்கினேன். நுழைவதற்காக வாங்கிய காகிதம் அது, சேர்வதற்காக அல்ல. திரையரங்கில் அழுகிற குழந்தையைத் தேடிப் போக நுழைவுச்சீட்டு வாங்கியவனை, நீயே கதாநாயகன் என்று தூக்கி நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி ஆயிற்று என் பிழைப்பு. அதன்பின் அவள் நின்ற ஒவ்வொரு வரிசையிலும், விண்ணப்பம் போட்ட பாவத்துக்கு நானும் விண்ணப்பதாரனாகவே நிற்க வேண்டியதாயிற்று.

கண்ணாடிக்குப் பின்னால் அடுத்ததுகாரர் அமர்ந்திருந்தார். பள்ளி இறுதிச் சான்றிதழ் கொடுத்தோம். "அடுத்தது?" அடையாள அட்டை கொடுத்தோம். "அடுத்தது?" காவல்துறை நன்னடத்தைச் சான்று இல்லை என்றோம். "வாங்கிட்டு வாங்க. அடுத்தது!" அந்தக் கடைசி 'அடுத்தது' எங்களுக்கு அல்ல, எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு.

காவல் நிலையம் போனோம். ஆகா, அந்த வரிசையின் நீளத்தை என்னவென்று சொல்வேன்! எனக்கு முன்னால் நின்றவர் வரிசையில் சேரும்போது மீசை கறுப்பு, ஜன்னலை எட்டும்போது மீசை வெளுப்பு. வரிசையிலேயே இருவர் பழகி, நிச்சயம் செய்து, மணம் முடித்து, மூன்றாவது ஆளாகக் குழந்தையோடு நின்றார்கள். ஜன்னலில் காவலர் கேட்டார்:

"குற்றம் ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"இதுவரைக்கும் மாட்டினதில்லைங்க."

"யோவ், இல்லைன்னு மட்டும் சொல்லுய்யா!"

"இல்லைங்க."

சான்று கிடைத்தது. 'அடுத்தது' தடுப்பூசி. படுக்கையில் கிடப்பவருக்கு நம்மிடமிருந்து நோய் தொற்றக்கூடாது அல்லவா, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரிசையாகப் போட வேண்டும். நர்ஸம்மா ஊசியை எடுத்தார். ஊசியா அது? கடப்பாரை! அதன் முனை என் இடது தோளில் நுழையும்போது அதன் பின்பகுதி இன்னும் அடுத்த அறையில் இருந்தது. "தங்கச்சிக்குப் பயமா இருக்கும், முதல்ல எனக்குப் போடுங்க" என்று வீரமாக நாற்காலியில் உட்கார்ந்தவன், கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என் தலை தங்கையின் மடியில் இருந்தது. நர்ஸம்மா கேட்டார், "இதுல யாரும்மா யாருக்குத் துணை?"

சிரியுங்கள், சிரியுங்கள். ஊசி உங்களுக்கும் உண்டு.

அடுத்தது மொழித் தேர்வு. 'உங்களால் மறக்க முடியாத பயணம் பற்றி இரண்டு நிமிடம் பேசுக' என்றார்கள். என்னிடமா? பேசச் சொல்வதா? நான் பேசத் தொடங்கினேன். தேர்வாளர் 'போதும்' என்றார், தொடர்ந்தேன். கைகூப்பினார், தொடர்ந்தேன். நான் கரையேறுவதற்குள் அவர் பணி ஓய்வு பெற்று, வேறு ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்து முழு மதிப்பெண் போட்டார். என் தங்கையோ, "பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறதுதாங்க எனக்குத் தெரிஞ்ச பயணம்" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். நூலிழையில் தேறினாள்.

இப்போது கேளுங்கள் அவையோரே, என் வயிறு எரிந்த இடம் இது! அடுத்தது, 'துறை சார்ந்த முன் அனுபவம்'. அடுத்ததுகாரர் தங்கையைக் கேட்டார்:

"யாரையாவது பராமரிச்சிருக்கீங்களாம்மா?"

"என் வீட்டுக்காரரைங்க. பல வருஷமா."

"சம்பளம் வாங்கினீங்களா?"

"ஐயோ, கட்டின புருஷன்கிட்ட சம்பளமா?"

"அப்ப அது அனுபவம் இல்லம்மா. அது குடும்பம். அடுத்தது?"

அது குடும்பமாம்! ஒரு மனிதனைக் குழந்தையைப்போலத் தூக்கிச் சுமந்தது குடும்பம், அனுபவம் இல்லை! அவர் உதட்டசைவைப் பார்த்தே வலி எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டது குடும்பம், அனுபவம் இல்லை! அவள் இடுப்பு முறிந்தது குடும்பம், முதுகு வளைந்தது குடும்பம், தூக்கம் தொலைந்தது குடும்பம்! அனுபவம் என்று எழுதும் இடத்தில் ஒரு கோடு! அடுத்து என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு சார்?"

"எனக்கு என்னங்க அனுபவம்? இளமையில கொஞ்ச காலம் ஒரு ஆஸ்பத்திரியில லிப்ட் ஓட்டினேன்."

அவர் முகத்தில் சூரியன் உதித்தது. "நோயாளிகளை ஏத்துவீங்களா?"

"மேல போறவங்களை மேல விடுவேன், கீழ போறவங்களைக் கீழ விடுவேன்."

"சம்பளம்?"

"வாங்கினேனே."

"சுகாதாரத் துறை முன் அனுபவம், உண்டு" என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். பொத்தானை அமுக்கியவன் அனுபவசாலி! புருஷனைத் தாங்கியவள் கன்னி முயற்சிக்காரி! அலுவலர் ஐயா, நெளியாதீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் எழுதிய விதி இல்லை அது, உங்களிடம் கொடுக்கப்பட்ட விதி. ஆனால் குத்தியது உங்கள் கை.

முன் அனுபவம் இல்லாதவர்களும் கடைசிச் சோதனைக்கு வரலாம், மதிப்பெண்தான் குறையும் என்றார்கள். கடைசிச் சோதனை செய்முறைத் தேர்வு. இதோ படுத்திருக்கிறாரே பொம்மைப் பெரியவர், இவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், கையில் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார்.

முதலில் நான். பொம்மைப் பெரியவரே, மன்னித்துவிடுங்கள். அன்று உங்களை நான் சிமெண்ட் மூட்டையைப்போல அள்ளினேன். முகம் பின்பக்கமும் முதுகு முன்பக்கமுமாக நாற்காலியில் நட்டேன். உங்கள் ஒற்றைச் செருப்பு பறந்து போய்ச் சாளரம் வழியாகப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. ஆனால் நேரத்துக்குள் முடித்தேன்! "முகம் மட்டும் திருப்பி வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேர்ச்சி போட்டார்கள்.

அடுத்து என் தங்கை. கட்டில் அருகில் போனாள். போர்வையை விலக்கினாள். குனிந்து, பொம்மையின் காதருகில் கேட்டாள்:

"ஐயா, உங்களை நாற்காலிக்கு மாத்தப் போறேன். தூக்கட்டுமா?"

கேட்டுவிட்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடிகாரம் ஓடியது. நான் கண்ணடித்தேன், கனைத்தேன், காலால் தரையை உதைத்தேன். அவள் பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. நேரம் முடிந்தது. தோல்வி.

வெளியே வந்து கத்தினேன். "பைத்தியமா உனக்கு? பொம்மைகிட்டப் போய் பதிலுக்கு நிக்கிறியே!"

"தெரியும்ணே, பொம்மைதான்னு. ஆனா என் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல நேரமாகும். வாய் கோணிக்கிட்டு, ஒரு 'ம்' வர அவ்வளவு நேரமாகும். அது வர்றதுக்குள்ள தூக்கினா அவருக்கு அழுகை வந்துடும். கேட்டுட்டு நின்னு நின்னு பழகிப்போச்சு. நிக்கணும்னு நான் நினைக்கல, காலு தானா நின்னுடுச்சு."

அவள் பையை வாங்கி நான் தூக்கிக்கொண்டேன்.

முடிவு தொலைபேசியில் வந்தது. "வாழ்த்துகள் சார், நீங்க தேர்வாகிட்டீங்க." எனக்கு! துணைக்குப் போனவனுக்கு! அந்த நொடியில் எனக்குள் ஒரு யானை எழுந்து நின்று ஆடியது, வீட்டுக் கூரை ஒரு முழம் உயர்ந்தது, தெருவிளக்குகள் எல்லாம் பட்டப்பகலில் எரிந்தன. வழக்கம்போல் நம்பாதீர்கள். "உங்க தங்கச்சி செய்முறையில தவறிட்டாங்க, ஆனா அவங்க பேரு காத்திருப்போர் வரிசையில முதல்ல இருக்கு" என்று அதே குரல் சொன்னது. யானை உட்கார்ந்துவிட்டது.

அவளா? அழுதாளா? கோபித்தாளா? "நீயாவது சேர்ந்தியே அண்ணே" என்று என் சீருடையை அவளே தைத்தாள். தொந்திக்கு இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். இன்று காலை, "முதல் நாள், நீ தனியாவா போவே?" என்று சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். பாருங்கள் இந்தக் கூத்தை! துணைக்குப் போனவனுக்கு மேடை! போக வேண்டியவளுக்குக் கடைசி வரிசை! மாவைத் தடுத்துத் தவிட்டை உள்ளே விடும் சல்லடையை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா? நீங்கள் கண்டதுண்டா ஐயா? நீங்கள் அம்மா?

விதியே வேண்டாம் என்கிறேனா? என் நாக்கு அழுகிவிடும். ஊசி வேண்டும். கடப்பாரையானாலும் வேண்டும். காவல் சான்று வேண்டும், கதவு பூட்டிய அறையில் எழுந்திருக்க முடியாத ஒருவரோடு தனியாக இருக்கப்போகிறவர் யார் என்று தெரிய வேண்டும். மொழி வேண்டும், 'வலிக்குது' என்று ஒருவர் முனகினால் புரிய வேண்டும். எல்லாம் வேண்டும்! ஆனால் அளக்கத் தெரிந்ததை மட்டும் அளந்துவிட்டு, அளக்கத் தெரியாததை இல்லை என்று எழுதாதீர்கள்! வேகத்தை அளந்தீர்கள், நான் வென்றேன். நாளைக்கு நீங்கள் படுக்கையில் விழுந்தால், முகத்தைப் பின்பக்கம் திருப்பி நடும் என்னிடம் வருவீர்களா? 'தூக்கட்டுமா' என்று கேட்டு நிற்பவளிடம் போவீர்களா? கைதட்டாதீர்கள். பதில் சொல்லுங்கள்!

சொல்லிவிட்டீர்கள். நன்றி.

அப்படியானால் இதோ! கழுத்திலிருக்கும் இந்த மாணவர் அடையாள அட்டையைக் கழற்றுகிறேன். தலைவர் அவர்களின் மேசைமேல் வைக்கிறேன். என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன். காலியாகும் இடத்துக்கு, காத்திருப்போரில் முதலாமவர் ஒரே ஒரு முறை செய்முறைத் தேர்வை மறுபடியும் செய்யலாம் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. சேர்க்கை முடியும் நாளுக்குள் செய்ய வேண்டும். அந்த நாள் இன்று!

என்ன சொல்கிறார் அடுத்ததுகாரர்? "விதி இருக்கு. ஆனா அதுக்குக் கட்டில் வேணும், பொம்மை வேணும், நாற்காலி வேணும், அதிகாரி வேணும்." ஐயா, கொஞ்சம் தலையைத் திருப்புங்கள். கட்டில் அங்கே. பெரியவர் அதன் மேலே. கண்காட்சிக்கு நிறுத்திய நாற்காலி பக்கத்திலே. அதிகாரி உங்கள் சட்டைக்குள்ளே! தலைவர் அம்மா தலையசைக்கிறார். அது 'ஆமா'வா, ஈ விரட்டியதா? ஆமாதான்! "யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது" என்கிறார். உத்தரவு தாயே.

தங்கச்சி, வாம்மா மேடைக்கு. பையை அங்கேயே வை. வேண்டாம், கொண்டுவா, பக்கத்தில் இருப்பவர் பார்வை சரியில்லை.

அடுத்ததுகாரர் கடிகாரத்தோடு எழுந்துவிட்டார். தொடங்கியாயிற்று. போகிறாள். போர்வையை விலக்குகிறாள். நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டுகிறாள், அதை நான் அன்று செய்யவே இல்லை. குனிகிறாள். இந்தத் தடவை கேட்காதே தாயே, கேட்காதே...

"ஐயா, உங்களை மாத்தப் போறேன். தூக்கட்டுமா?"

கேட்டுவிட்டாள். நிற்கிறாள். போச்சு! கடிகாரம் ஓடுகிறது. அடுத்ததுகாரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் நெற்றியில் வேர்க்கிறது. பொம்மைப் பெரியவரே, உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரே ஒரு 'ம்'... சரி தலைவர் அம்மா, வாயை மூடிக்கொள்கிறேன்.

"சரிம்மா! தூக்குங்க!"

யார்? யார் அது? நான் இல்லை. என் வாயில் கை இருக்கிறது. அடுத்ததுகாரரா? அடுத்ததுகாரரேதான்!

தூக்கிவிட்டாள். அணைத்து, திருப்பி, உட்கார வைத்து, சரிந்த தலையைக் கையால் தாங்கி, செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்துவிட்டாள். கடிகாரம் என்ன சொல்கிறது ஐயா? "நேரத்துக்குள்ள." உரக்கச் சொல்லுங்கள்! "நேரத்துக்குள்ள முடிச்சுட்டாங்க!"

'சொல்லிக்கொடுத்தது தப்பில்லையா' என்று தலைவர் அம்மா கேட்கிறார். அலுவலர் என்ன சொல்கிறார் கேளுங்கள். "சொல்லிக்கொடுக்கலைங்க மேடம். அது நோயாளி சம்மதம். அவரால பேச முடியல, நான் சொன்னேன். அப்படியே குறிப்புல எழுதிடறேன்." ஐயா, உம்மை என்னவென்று நினைத்தேன்! தலைவர் அம்மா சிரித்துவிட்டார். என் அடையாள அட்டையைத் தங்கையிடம் கொடுக்கிறார், பெயர் மட்டும் மாற்ற வேண்டுமாம். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறாள். அலுவலர் குனிந்து அவளைக் கேட்கிறார்: "அடுத்தது, சீருடை அளவு?"

அழாதே தங்கச்சி. தைக்கத் தெரிந்தவள்தானே, என் சீருடையைப் பிரித்தால் உனக்கு மூன்று வரும்.

அவையோரே, என் வேலை முடிந்தது. விதியை மீறாமல் விதிக்கு இதயம் வைத்த அலுவலர் அவர்களுக்கு நன்றி. கடிகாரம் பார்க்க மறந்துபோன தலைவர் அவர்களுக்கு நன்றி. கேட்ட கேள்விக்குக் கடைசிவரை மௌனம் காத்த பொம்மைப் பெரியவருக்கு நன்றி. ஒலிபெருக்கிக்காரருக்கும், உங்கள் காதுகளுக்கும் நன்றி. நாளை முதல் நான் வாசலில் இருப்பேன். எங்கள் வீட்டில் யாரும் தனியாகப் போவதில்லை, காவலாளி வெயிலில் நிற்கச் சொன்னால் குடையோடு நிற்பேன்.

இறங்குவதற்கு முன், செய்த சத்தியத்தைத் தீர்க்க வேண்டும். இங்கே மேடையில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். தங்கையைப் பற்றி நான் சொன்னதில் கை வைக்கவில்லை, அங்கே புளுகுக்கு வேலையில்லை. ஆனால் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் கதை அளந்தது. அது கடப்பாரை அல்ல, ஊசிதான். வரிசையில் யாருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. தேர்வாளர் இன்னும் பணியில்தான் இருக்கிறார். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். 'நீங்க தேர்வாகிட்டீங்க' என்று தொலைபேசியில் சொன்னார்களே, அந்த நொடி. இத்தனை வயதில், எந்த வாசலிலும், எதற்காகவும், யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

யானை ஆடியது என்றேனே. அது ஆடியது.

வணக்கம்.